மின்சாரம்: மீற்றருக்கு இப்பால் நடப்பவை

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து பல வருடங்கள் யாழ்ப்பாணக் குடாநாடும் வன்னியின் பெரும்பகுதியும் மின்சாரம் இல்லாமல் இருந்தன. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரி கொளுத்திப் படித்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளைப் படிப்பிக்கிற வயதில் இருக்கிறார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் எத்தனையோ. பின்னர் டீசல் இயந்திரங்களிலிருந்து மட்டுமட்டாக மின்சாரம் வந்தது. குடாநாடு தேசிய மின்வலையமைப்போடு மீண்டும் இணைந்தது 2013இல்தான்.

இடம்பெயர்ந்து, பல ஊர் மாறி, மீளக்குடியேறிய குடும்பங்களுக்கு மின் இணைப்பு வந்தபோது எல்லோருக்கும் சந்தோசம். சுவிச்சைப் போட வெளிச்சம் வந்தது, அதோடு விட்டுவிட்டோம். இந்தச் சாமான் என்ன, எப்படிக் காசை விழுங்குகிறது, எப்படி ஆளை விழுங்குகிறது என்பதை யாரும் இருத்தி வைத்துச் சொல்லித் தரவில்லை. தெருக் கம்பியிலிருந்து மீற்றர் வரைக்கும் உள்ளதற்கு மின்சாரப் பகுதியினர் பொறுப்பு. மீற்றருக்கு இப்பால் உள்ள ஒவ்வொரு கம்பிக்கும் வீட்டுக்காரரே பொறுப்பு. ஆகவே இப்பால் நடப்பவற்றைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

டைனமோ சொல்லித் தந்த பாடம்

சைக்கிள் டைனமோவை மிதித்துப் பார்த்தவருக்கு மின்சாரத்தைப் பற்றிய முதற்பாடம் ஏற்கெனவே தெரியும். டைனமோவின் உள்ளே ஒரு காந்தம் சுற்றுகிறது. அதற்குப் பக்கத்தில் செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. காந்தம் சுற்றும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. மின்குமிழைக் கழற்றிவிட்டால் மிதிப்பது சுகம். குமிழை மாட்டினால் கால் பாரமாகிறது. வெளிச்சமாக வெளியே போவது, காலால் உள்ளே கொடுத்த வேலைதான்.

பெரிய மின்நிலையங்களிலும் இதே சங்கதிதான். லக்ஷபானவில் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றுகிறது. மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர கட்டுரை எழுதியது 1918இல். லக்ஷபான மின்சாரம் வந்தது 1950இல். நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்து, நீராவியாக்கி, அந்த ஆவியால் சுற்றுகிறார்கள். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020இல் தொடங்கிய காற்றாலைகள் முப்பதையும் காற்றே சுற்றுகிறது. சூரியத் தகடு ஒன்றுதான் வேறு சாதி. அதில் சுற்றுகிற பகுதி எதுவும் இல்லை, வெயில் படப் படத் தகட்டிலேயே மின்சாரம் உண்டாகிறது.

மின்சாரப் பில்லில் உள்ள ஓர் அலகு என்பது எவ்வளவு வேலை? திடகாத்திரமான ஒருவர் மிதித்தால் தொடர்ச்சியாக 75 முதல் 100 வாற்று வரை கொடுக்கலாம். ஓர் அலகு என்பது 1,000 வாற்றை ஒரு மணித்தியாலம் பாவிப்பது. ஆகவே ஓர் அலகுக்கு அவர் 10 மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தாமல் மிதிக்க வேண்டும். பழைய 3 வாற்றுச் சைக்கிள் டைனமோவால் ஓர் அலகு எடுக்க 333 மணித்தியாலம் செல்லும்.

வோல்ற்று, அம்பியர், வாற்று

தோட்டக்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். தண்ணீர்த் தொட்டியை எவ்வளவு உயரத்தில் வைக்கிறோமோ அவ்வளவு வேகமாகக் குழாயில் தண்ணீர் தள்ளும். அந்த உயரத்தைப் போன்றது வோல்ற்று. குழாயில் ஒரு செக்கனுக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதோ அதைப் போன்றது அம்பியர். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வாற்று, அதாவது வேலை நடக்கும் வேகம். எங்கள் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று. 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் எரியும்போது அதில் ஓடுவது 9ஐ 230ஆல் பிரித்தால் வரும் அளவு: ஏறத்தாழ 0.04 அம்பியர். இந்தச் சின்ன எண்ணை ஞாபகத்தில் வைத்திருங்கள். பின்னால் வேறொரு காரியத்துக்கு இது தேவைப்படும்.

தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. வாய்க்கால் தண்ணீர் பாத்தியில் விட்டால் முடிந்தது. மின்சாரம் போன வழிக்குத் திரும்பி வந்தே ஆகவேண்டும். அதனால்தான் இரண்டு கம்பிகள். ஒன்று உயிர்க்கம்பி, மற்றது நொதுமல் கம்பி. பழைய வயரிங்கில் சிவப்பு உயிர், கறுப்பு நொதுமல், பச்சை புவிக்கம்பி. புதிய வயரிங்கில் மண்ணிறம் உயிர், நீலம் நொதுமல், பச்சையும் மஞ்சளும் கலந்தது புவிக்கம்பி. போர்க்காலத்துக்கு முந்திய வீட்டை இப்போது திருத்தி இருப்பவர்களிடம் இரண்டு விதமும் கலந்து கிடக்கும். நிறத்தை மட்டும் நம்பிக் கை வைக்கவேண்டாம். கைக்குக் கிடைத்த கம்பியைப் போட்டு முடித்த வீடுகளும் இருக்கின்றன.

பில் எங்கே ஏறுகிறது?

பிள்ளை போனை இரவிரவாகச் சார்ஜ் போடுகிறான் என்று பேசாத வீடு இல்லை. உண்மையில் ஒரு கைத்தொலைபேசியை ஒரு தடவை முழுமையாகச் சார்ஜ் செய்ய 20 வாற்று-மணி அளவே போகும். ஓர் அலகுக்கு ஐம்பது தடவை சார்ஜ் போடலாம். பில் ஏறுவது அங்கே அல்ல.

எதையெல்லாம் சூடாக்குகிறதோ, அதுவே அதிகம் விழுங்கும். ஸ்திரிக்கைப் பெட்டி 1,000 வாற்று. அரை மணித்தியாலத்தில் அரை அலகு. மின் கேத்தலில் ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்கப் பத்தில் ஓர் அலகு போகும். சின்னதுதான், ஆனால் ஒரு கோப்பைத் தேநீருக்குக் கேத்தலை முட்ட நிரப்பிக் கொதிக்கவைத்து, மிச்சத்தை ஆறவிட்டு, பிறகு திரும்பக் கொதிக்க வைப்பவர்களுக்கு அது சின்னதல்ல. பழைய 60 வாற்றுக் குமிழை நாளுக்கு 5 மணித்தியாலம் எரித்தால் மாதத்துக்கு 9 அலகு. அதே வெளிச்சம் தரும் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு ஒன்றரை அலகும் வராது. வீட்டில் இன்னும் பழைய குமிழ் இருந்தால், அது எரிந்து போகும்வரை காத்திராமல் கழற்றிவிடுவதே லாபம். மின்விசிறி பலரும் நினைப்பதைவிடக் கூட எடுக்கும்: 75 வாற்று விசிறி இரவில் 8 மணித்தியாலம் சுற்றினால் மாதம் 18 அலகு.

கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் ரூபாய்க் கணக்கை இங்கு எழுதிப் பயனில்லை. ஆனால் 2013 தொடக்கம் வந்த வீட்டுக் கட்டண முறைகளில் 60 அலகு ஒரு பெரிய எல்லையாக இருந்து வந்திருக்கிறது. 30 நாளில் 60 அலகைத் தாண்டிவிட்டால், தாண்டிய அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் 60 அலகுக்கும் கூடிய விலை விழும். 60 அலகு என்பது நாளுக்கு 2 அலகு. மாதத்தின் நடுவில் ஒரு நாள் மீற்றரைப் பார்த்து எழுதி வைத்தால், எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரிந்துவிடும். மீற்றரில் உள்ள முழு எண்களை வாசிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளை போதும்.

கிணற்றடி மோட்டர்

விவசாயக் குடும்பத்துக்கு மின்சாரத்தின் பெரிய உபகாரம் இறைப்புத்தான். ஒரு குதிரைவலு என்பது 746 வாற்று. ஆனால் மோட்டருக்குள் ஒரு பகுதி சூடாகிப் போவதால், ஒரு குதிரைவலு மோட்டர் ஓட 1,000 வாற்றுக்குச் சற்று மேலே தேவை. மணித்தியாலத்துக்கு ஓர் அலகுக்குச் சற்றுக் கூட என்று வைத்துக்கொள்ளலாம். 20 அடி ஆழத்தில் தண்ணீர் நிற்கும் கிணற்றிலிருந்து நல்ல நிலையிலுள்ள பம்ப் ஓர் அலகுக்கு ஏறத்தாழ 20,000 லீற்றர் இறைக்கும். துலாவில் ஒரு தரம் 15 லீற்றர் கோலினாலும், அது 1,300 தடவைக்கு மேல். துலா மிதித்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த ஓர் அலகின் மதிப்பைச் சொல்வார்கள்.

இவ்வளவு சுகமாக வருவதில் ஒரு பொல்லாப்பும் உண்டு. வலிகாமத்தின் சுண்ணக்கல் நிலத்தடியில் நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மனிதக் கையால் இறைத்த காலத்தில் கை ஓய்ந்ததும் கிணறும் ஓய்ந்தது. மோட்டருக்கு ஓய்வு தெரியாது. கிணற்று நீர் உவராகத் தொடங்கிய இடங்களில் இறைப்பு நேரத்தைக் குறைப்பதைத் தவிர வேறு சுருக்கு வழி இல்லை.

மோட்டர் எரிந்து போகிறது என்பது எங்கும் கேட்கும் முறைப்பாடு. பலரும் மோட்டர் கொம்பனியைத்தான் குறை சொல்வார்கள். பாதி இடங்களிலாவது குற்றம் கம்பியில் என்பது எங்கள் எண்ணம். வீட்டிலிருந்து 100 மீற்றர் தள்ளித் தோட்டக் கிணறு இருக்கிறது என்று வைப்போம். விலை மலிவென்று 1 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியை இழுக்கிறார்கள். போக 100, வர 100, ஆக 200 மீற்றர் கம்பி; அதன் தடை ஏறத்தாழ மூன்றரை ஓம். மோட்டர் ஓடும்போது 6 அம்பியர் எடுத்தால் கம்பியிலேயே 21 வோல்ற்று தொலையும். தொடங்கும் கணத்தில் மோட்டர் இதைப்போல் நாலைந்து மடங்கு கேட்கும். அந்த நேரத்தில் மோட்டருக்குப் போய்ச் சேருவது 160 வோல்ற்று அளவுதான். தள்ளும் வலு பாதிக்கும் கீழே. மோட்டர் சுற்றாமல் "ம்ம்" என்று முனகிக்கொண்டு நிற்கும். அப்படி முனகும் ஒவ்வொரு செக்கனும் உள்ளே சுருள் வேகிறது. இதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பி போட்டால் ஓடும்போது தொலைவது 8, 9 வோல்ற்று மட்டுமே. கம்பிக்குக் கூடக் கொடுக்கும் காசு, ஒரு தடவை சுருள் கட்டும் கூலியோடு ஒப்பிட்டால் பெரிதல்ல.

பின்னேரம் ஆறரைக்குப் பிறகு ஊர் முழுதும் விளக்குப் போடும்போது வோல்ற்று இறங்கும் இடங்களும் உண்டு. குமிழ் மங்கினால் அந்த நேரம் இறைக்க வேண்டாம். விடியப்புறம் இறையுங்கள். இன்னொன்று: மேலே வைக்கும் பம்ப் தண்ணீரை உறிஞ்சி எடுப்பது நடைமுறையில் 6, 7 மீற்றர் ஆழம் வரைக்கும்தான். ஆவணி புரட்டாதியில் கிணறு அதற்குக் கீழே வற்றினால் பெரிய மோட்டர் வாங்கியும் பிரயோசனமில்லை. பம்பைக் கீழே இறக்க வேண்டும், அல்லது நீருக்குள் வைக்கும் பம்ப் போட வேண்டும்.

0.04 அம்பியர்

முன்பு சொன்ன எண்ணுக்கு வருவோம். 9 வாற்றுக் குமிழில் ஓடும் 0.04 அம்பியர் மனித உடலில் நெஞ்சுக் குறுக்காக ஓடினால் இதயத்தின் துடிப்பைக் குழப்பி ஆளைக் கொல்லப் போதும். கரண்டில் அகப்பட்டவரின் கைத்தசைகள் இறுகிவிடும். விடவேண்டும் என்று நினைத்தாலும் கை கம்பியை விடாது. வெறுங்காலும் ஈர நிலமும் சேர்ந்தால் மின்சாரம் உடலினூடாக நிலத்துக்கு இறங்க நேர்வழி கிடைக்கிறது. கமக்காரர் வேலை செய்வது வெறுங்காலோடும் ஈர நிலத்திலும்தான்.

பியூஸ் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். பியூஸ் கம்பியைக் காப்பது, ஆளைக் காப்பதல்ல. 5 அம்பியர் பியூஸ் உருகுவதற்கு ஆளைக் கொல்லும் அளவைப்போல் நூறு மடங்குக்கு மேல் ஓடவேண்டும். பியூஸ் போனதும் தடித்த கம்பியைச் சுற்றி வைக்கிறவர் அந்தக் கம்பிக் காவலையும் இல்லாமற் செய்து, வீட்டை எரிய விடுகிறார்.

ஆளைக் காப்பது ட்ரிப் சுவிச். அது உயிர்க்கம்பியால் போகும் அளவையும் நொதுமலால் திரும்பும் அளவையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். போன கணக்கும் வந்த கணக்கும் 0.03 அம்பியர் அளவு பிசகினால், அது எங்கோ ஒழுகுகிறது, ஒருவேளை ஒரு மனிதரினூடாக என்று கண்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் துண்டிக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அமத்துங்கள். விழாவிட்டால் சுவிச் பழுது. அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேராக இணைத்துத் தருகிற "கெட்டிக்காரர்" ஊருக்கு ஒருவர் இருப்பார். நாய் குரைக்கிறது என்று நாயைக் கொன்றுவிட்டுப் படுப்பதைப் போன்றது அது. ஒழுக்கு எங்கே என்று தேடுவதே வேலை: எலி கடித்த கம்பி, ஈரம் ஊறிய சுவர், உடைந்த கேத்தல் அடி.

புவிக்கம்பி பச்சை நிறத்தில் நிலத்துக்குள் இறங்கும் செப்புக் கோலோடு இணைந்திருக்க வேண்டும். கோடையில் நிலம் காய்ந்தால் அது சரிவர வேலை செய்யாது. கோலடியில் இடைக்கிடை ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். சதுர முள் உள்ள 13 அம்பியர் பிளக் இப்போதைய நியமம். அந்தத் துவாரத்துக்குள் இரண்டு முள் பிளக்கைச் செருக, மேல் துவாரத்தில் ஈர்க்கோ பேனை முனையோ குத்துகிற பழக்கம் பிள்ளைகளிடம்கூட இருக்கிறது. அந்த மூடி வைத்திருப்பதே பிள்ளையின் விரலைக் காக்க.

மீளக்குடியேறியவர்கள் பழைய வீட்டின் வயரிங்கைச் சோதிக்காமல் இணைப்பு எடுக்கவேண்டாம். கூரையில்லாமல் பல மாரி கண்ட கம்பி வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உறை உக்கிப் போயிருக்கும். வெள்ளம் வீட்டுக்குள் வந்தால், தண்ணீர் பிளக் மட்டத்துக்கு வருமுன் பிரதான சுவிச்சை நிறுத்துங்கள். தண்ணீர் வடிந்ததும் உடனே போடாதீர்கள். காய்ந்தபின் மின்னியலாளர் பார்த்த பிறகே போடலாம்.

பன்றிக்குப் போட்ட கம்பி

இதைச் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறோம். பன்றியும் யானையும் ஒரு இரவில் ஒரு போகத்தை அழித்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். கடன்பட்டு விதைத்த வயலை அப்படி இழப்பவரின் வேதனையும் தெரியும். அதற்காக வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விட்டு வயலைச் சுற்றிக் கட்டுவது கொலைப் பொறி. சட்டத்திலும் அது குற்றம். அந்தக் கம்பியில் இறந்தவர்களைப் பற்றி வருடாவருடம் செய்தி வருகிறது. இருட்டில் அயல் வயலுக்குப் போனவர், மாடு தேடிப் போன பிள்ளை, சில வேளை கம்பியைக் கழற்ற மறந்து விடியப்புறம் வரம்பில் இறங்கிய கமக்காரரே.

யானை வேலியிலும் மின்சாரம்தானே என்று கேட்பார்கள். அது வேறு. முறையான வேலியில் ஒரு துடிப்பு இயந்திரம் இருக்கும். சில ஆயிரம் வோல்ற்று போனாலும், அது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே போகும். பிறகு ஒரு செக்கன் அளவு ஒன்றுமில்லை. அடி நோகும், மிருகம் திரும்பும், தொட்ட மனிதர் கையை எடுத்துவிடலாம். வீட்டு மின்சாரத்தில் அந்த இடைவெளி கிடையாது. வேலி வேண்டுமானால் நாலைந்து வயல்காரர் சேர்ந்து துடிப்பு இயந்திரம் வாங்குங்கள். கமநல சேவை நிலையத்திலும் வனஜீவராசிகள் திணைக்களத்திலும் கேளுங்கள்.

யாராவது கரண்டில் அகப்பட்டால் ஓடிப்போய்ப் பிடிக்கவேண்டாம். ஒருவரைக் காக்கப்போய் இரண்டு பேர் இறப்பது அப்படித்தான். முதலில் பிரதான சுவிச்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த தடியால், காய்ந்த பலகையில் நின்று, கம்பியைத் தள்ளுங்கள். மூச்சில்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் நிமிடத்துக்கு 100 தடவைக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். எழும்பி நடந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இதயத்தின் துடிப்பு பிறகும் பிசகக்கூடும். புயலில் அறுந்து விழுந்த தெருக் கம்பிக்கு 10 மீற்றருக்குள் போகவேண்டாம். அது செத்த கம்பியா, உயிருள்ள கம்பியா என்று கண்ணுக்குத் தெரியாது.

இணைப்பு இல்லாத வீட்டுக்கு

தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்களும், காணி உறுதி சிக்கலில் மின் இணைப்புக் கிடைக்காதவர்களும் பக்கத்து வீட்டிலிருந்து வேலியால் கம்பி இழுப்பது வழக்கம். மண்ணில் கிடக்கும் அந்தக் கம்பியை மண்வெட்டி ஒரு நாள் கண்டுபிடிக்கும். வெளிச்சமும் போனும் மட்டுமே தேவையென்றால் ஒரு சின்னச் சூரியத் தகடே போதும். 50 வாற்றுத் தகடு நல்ல வெயில் நாளில் 200 வாற்று-மணி அளவு தரும். பற்றறியிலும் கம்பியிலும் போவது போக 130 மிஞ்சும். இரண்டு 5 வாற்று விளக்கை 5 மணித்தியாலம் எரித்து, இரண்டு போனைச் சார்ஜ் செய்ய 90 போதும். கார்த்திகை மார்கழி மழையில் இது பாதியாகக் குறையும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 12 வோல்ற்று ஆளை அடிக்காது. ஆனால் பற்றறியின் இரண்டு முனையும் ஒரு கம்பியால் முட்டினால் கம்பி சிவந்து எரியும். கிடுகு வேய்ந்த வீட்டில் அது போதும். ஈயப் பற்றறிக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள், காய்ச்சி வடித்த நீர் மட்டும். பாதிக்கு மேல் அதை வெறுமையாக்காவிட்டால் பல வருடம் உழைக்கும்.

தகட்டை நிழல் விழாத இடத்தில், தெற்குப் பார்த்து, 10 பாகை அளவு சரித்துக் கட்டுங்கள். மழை வழிந்தோடித் தூசியைக் கழுவிவிடும். கழற்றக்கூடிய ஆணி போட்டால், வேறு இடம் போக நேரும்போது அதையும் கொண்டு போகலாம்.